கிளாஸ்கோவில் செல்ரிக், றேஞ்சர்ஸ் ரசிகர்களிடையே உள்ள மதப்பகையைக் குறைக்க முடியுமா?

சட்டத்தால் முடியுமா, பாடசாலைகளால் முடியுமா, அல்லது இது தீராத ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அண்மையில் இங்கு குடிவந்தவராகவோ, பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு ஊரில் கவலையோடு இருப்பவராகவோ இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். செல்ரிக், றேஞ்சர்ஸ் இரண்டும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து உதைபந்தாட்டக் கழகங்கள்; செல்ரிக்கின் பச்சை கத்தோலிக்கரின் பக்கமாகவும், றேஞ்சர்ஸின் நீலம் புரட்டஸ்தாந்தரின் பக்கமாகவும் பார்க்கப்படுகின்றன. பச்சை நிறக் குளிர்ச்சட்டை அணிந்து போன பிள்ளையிடம் யாராவது "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டிருப்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். அப்போது அந்தக் கேள்வியின் எடை எனக்குத் தெரியவில்லை.

நகரின் கிழக்குப் பகுதியில், பிரிஜ்ரன் சந்திக்கும் செல்ரிக் மைதானத்துக்கும் இடையில், 2006 முதல் சிறிய பலசரக்குக் கடை ஒன்றை நடத்துகிறேன். பிரிஜ்ரன் பல தலைமுறைகளாக றேஞ்சர்ஸ் ஆதரவாளர்களின் இடம். நடக்கும் தூரத்தில் உள்ள கால்ரனில்தான், பசியால் வாடிய அயர்லாந்துக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதற்காக, வோல்ஃப்ரிட் என்ற துறவி 1887-இல் புனித மரியாள் ஆலய மண்டபத்தில் செல்ரிக் கழகத்தைத் தொடங்கினார். றேஞ்சர்ஸ் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் மூத்தது. அது மதத்துக்காகத் தொடங்கப்பட்ட கழகம் அன்று. 1888 மே மாதம் செல்ரிக் ஆடிய முதல் ஆட்டமே றேஞ்சர்ஸுக்கு எதிரானதுதான். செல்ரிக் 5-2 என வென்றது. அன்றிரவு இரு தரப்பினரும் அதே மண்டபத்தில் ஒன்றாக உணவருந்தினார்கள். பகை பின்னர் வந்தது. அதை உதைபந்தாட்டம் மட்டும் உண்டாக்கவில்லை. அயர்லாந்துக்காரர் ஸ்கொட்லாந்து இனத்துக்கே ஆபத்து என்று 1923-இல் புரட்டஸ்தாந்தரின் ஸ்கொட்லாந்துத் திருச்சபையே அறிக்கை வெளியிட்டது; அதற்கு அது வருத்தம் தெரிவித்தது 2002-இல்தான்.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் நான் தரும் எந்த ஆலோசனைக்கும் மதிப்பு இருக்காது.

என் மகன் வீட்டுக்கு அருகில் இருந்த பொதுப் பாடசாலையில் படித்தான். அவனுடைய வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் றேஞ்சர்ஸ். அவனும் நீலச்சட்டை கேட்டான். நான் மகிழ்ச்சியோடு வாங்கிக் கொடுத்தேன். கடைக்கு வருபவர்கள் அவன் தலையைத் தடவி, "நம்ம பையன்" என்று சொன்னபோது, இந்த ஊர் எங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நெஞ்சு நிறைந்து போனேன். 2012 மார்ச் 25 ஞாயிற்றுக்கிழமை, தன் சொந்த மைதானமான ஐப்ரொக்ஸில் றேஞ்சர்ஸ் 3-2 என்று செல்ரிக்கை வென்றது. அன்று வென்றிருந்தால் செல்ரிக் அந்த மைதானத்திலேயே அவ்வாண்டின் லீக் பட்டத்தை உறுதி செய்திருக்கும். ஆகவே பிரிஜ்ரன் விடிய விடியக் கொண்டாடியது. மறுநாள் பாடசாலை விட்டு வந்த மகன், இனிப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே ஒரு பாட்டைப் பாடினான். அவனுக்கு ஒன்பது வயது. ராகம் துள்ளலாக இருந்தது. நானும் விரலால் மேசையில் தாளம் போட்டேன்.

அந்த நேரத்தில் கடைக்குள் நின்றவர், வாரத்தில் நான்கு நாட்கள் பாணும் பாலும் வாங்க வரும் ஓர் அயர்லாந்து வழிவந்த மூதாட்டி. கையில் எடுத்த பால் போத்தலை அவர் மெதுவாக மேசையில் வைத்தார். போத்தலில் இருந்த ஈரம் மேசையில் வட்டமாகப் படிந்தது. அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காசு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த புனித அந்தோனியார் படத்தைக் காட்டி, "மகனே, அந்தப் படம் யாருடையது?" என்று கேட்டார். என் மனைவி பாஷையூர்க்காரி, கத்தோலிக்கர், நான் சைவன். மகன் "அம்மாவுடையது" என்றான். "அப்படியானால் நீ இப்போது பாடியது உன் அம்மாவின் இரத்தத்தைப் பற்றி" என்றார். குரல் உயரவே இல்லை.

1920களிலும் 30களிலும் இதே பிரிஜ்ரனில் கத்தியும் சவரக்கத்தியும் ஏந்தித் திரிந்த ஒரு கும்பலின் பாட்டு அது. கத்தோலிக்கரின் இரத்தத்தில் முழங்கால் அளவு நிற்பதாகப் பெருமை பேசும் அடி அதில் உண்டு. அந்த அடியில் வரும் "ஃபீனியன்" என்ற சொல் அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய ஓர் இயக்கத்தவரின் பெயராக இருந்து, இங்கே கத்தோலிக்கர் எல்லோரையும் இழிவுபடுத்தும் வசையாக மாறிவிட்டது. இவை எதுவும் மகனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கொழும்பில் பெயரைக் கேட்டவுடனேயே ஆளை முடிவு கட்டிய காலத்தை அனுபவித்துவிட்டு வந்த நான், என் கடைக்குள்ளேயே இன்னொருவரின் அச்சத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மையார் திட்டியிருந்தால் மகன் அழுதிருப்பான், ஒரு கிழமையில் மறந்திருப்பான். அவர் அப்படிச் செய்யவில்லை. மறுநாளும் வந்தார், பாணை வாங்கிக்கொண்டு, தம் தந்தை வேலை கேட்டுப் போன இடங்களில் பெயருக்கு அடுத்தபடியாக "எந்தப் பாடசாலையில் படித்தாய்?" என்று கேட்டதையும், பாடசாலையின் பெயரில் "புனித" என்ற சொல் வந்த உடனேயே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியதையும் அவனுக்குச் சொன்னார். தம் பக்கத்தாரும் அயர்லாந்தின் பெயரால் குண்டு வைத்தவர்களைப் புகழ்ந்து பாடுகிறார்கள் என்றும், அதைக் கேட்கும்போது தாம் எழுந்து போய்விடுவதாகவும் சொன்னார். றேஞ்சர்ஸை விட்டுவிடு என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தச் சட்டையை அணிந்துகொண்டே மகன் அவர் முன் நின்று கேட்டான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். என் கடையில் இது நடந்த அதே மார்ச் மாதத்தின் முதல் நாளில்தான், ஆட்டங்களில் பகைமூட்டும் நடத்தையைக் குற்றமாக்கிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் 2018-இல் நீக்கப்பட்டது. மதப்பகையோடு செய்யப்படும் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை தரும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு தொடர்ந்தது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1995-இல் செல்ரிக் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய 16 வயது மாணவன் இதே பிரிஜ்ரனில் கொல்லப்பட்டான். அவனுடைய தோழி காரா ஹென்டர்சன் 2000-இல் "நில் பை மவுத்" (Nil by Mouth) என்ற, மதப்பகைக்கு எதிரான அமைப்பைத் தொடங்கினார். கத்தி எடுத்தவனுக்குச் சட்டம்தான் பதில். ஆனால் பாட்டுப் பாடிய இளைஞனைப் பொலிஸார் இழுத்துச் செல்லும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் அதே பாட்டை இன்னும் உரக்கப் பாடுவதை என் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

கழகங்களைப் பொறுப்பாக்கினால் பலன் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். கத்தோலிக்கரை எடுப்பதில்லை என்ற எழுதாத வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் பேணிய றேஞ்சர்ஸ், 1989-இல் அதன் பயிற்சியாளர் கிரேம் சூனெஸ், கத்தோலிக்க வீரரான மோ ஜோன்ஸ்ரனை ஒப்பந்தம் செய்தபோது அதைக் கைவிட்டது. றேஞ்சர்ஸ் ரசிகர் சிலர் தங்கள் கழுத்துத் துண்டுகளைக் கொளுத்தினார்கள். ஜோன்ஸ்ரன் செல்ரிக்குக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்த நாளில் கைதட்டினார்கள். செல்ரிக் பக்கத்தில் இதற்கு நெடுங்காலம் முன்பே, புரட்டஸ்தாந்தரான ஜொக் ஸ்ரீன் பயிற்சியாளராக இருந்து 1967-இல் ஐரோப்பியக் கிண்ணத்தையே வென்று கொடுத்தார். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனம் 2011-இல் இரு கழகங்களுக்கும் அபராதம் விதித்தது. 2019-இல் இத்தகைய கோஷங்களுக்காக றேஞ்சர்ஸ் மைதானத்தின் ஒரு பகுதியை, குறைந்தது 3,000 இருக்கைகளை, ஓர் ஆட்டத்துக்கு மூட வைத்தது. ரசிகரின் நடத்தைக்குக் கழகமே பொறுப்பு என்ற இதே விதியை உள்ளூரிலும் கொண்டுவர 2013-இல் முயன்றபோது, ஸ்கொட்லாந்துக் கழகங்கள் வாக்களித்து நிராகரித்துவிட்டன. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நுழைவுச்சீட்டுப் பணம் ரசிகனிடமிருந்து வரலாம், அவன் வாயிலிருந்து வருவதற்கு மட்டும் பொறுப்பில்லை என்பது நியாயம் அன்று.

இரு தரப்பையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று சிலர் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். வைக்கவில்லை. வேலையும் வீடும் மறுக்கப்பட்டவர்கள் கத்தோலிக்கரே. அந்த வரலாறு சமமானதன்று. ஆனால் இன்று ஒரு பச்சைத் துண்டு அணிந்த பிள்ளை நீலச்சட்டைக்காரனை "ஹன்" என்று, றேஞ்சர்ஸ் ரசிகரையும் புரட்டஸ்தாந்தரையும் இழிவுபடுத்தும் சொல்லால், வசைபாடும்போது, அவனும் யாரோ கொடுத்த சொல்லைத்தான் திருப்பிச் சொல்கிறான். ஒரு கடைக்காரனின் ஓர் அனுபவம் எதை நிரூபிக்கும் என்று கேட்பவர்களுக்கு, நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. கேட்டவருக்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஆட்கள்மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. "இது வெள்ளைக்காரரின் சண்டை, எங்களுக்கு என்ன?" என்று சொல்லிக்கொண்டே, பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்கு அணிச்சட்டை வாங்கிக் கொடுத்து, மேசையைச் சுற்றி நின்று அவர்களைப் பாடவைத்துக் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். பாட்டின் பொருள் என்ன என்று நான் கேட்டால், கொண்டாட்டத்தைக் கெடுக்கிறேன் என்கிறார்கள். சட்டையை வாங்கிக் கொடுங்கள். மைதானத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள். ஆனால் பிள்ளை எந்தப் பாட்டோடு வீட்டுக்கு வருகிறான் என்று காது கொடுத்துக் கேளுங்கள். அதன் பொருளை நீங்கள் தேடி அறிந்து சொல்லுங்கள். முடிந்தால், அந்தப் பாட்டால் காயப்படும் ஒருவரின் வாயால் அவன் அதைக் கேட்கட்டும்.

அந்த அம்மையார் இப்போது இல்லை. மகனுக்கு இருபது வயது கடந்துவிட்டது; இன்றும் றேஞ்சர்ஸ்தான். அந்தப் பாட்டு தொடங்கும்போது, சுற்றியுள்ளவர்கள் எழுந்து நிற்க, அவன் இருக்கையில் அமர்ந்துவிடுகிறான். யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டால் மட்டும் சொல்கிறான். இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்களாம்.