பனியேரியை ஏன் வடித்துவிட முடியவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து தீஸ்தாவில் வெள்ளம் வந்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்த ஏரியில் 2016-லேயே குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள் என்று ஒரு வரி வருகிறது. பிறகு ஏழு வருஷம் இருந்ததே, ஏன் முழுசாக வடிக்கவில்லை? பெரிய மோட்டார் வைத்து இறைத்திருக்கலாம். இல்லையென்றால் கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டிருக்கலாம். எனக்கு இது வெறும் அலட்சியமாகத்தான் படுகிறது.

கதிரவன், தேனி

அன்புள்ள கதிரவன்,

அலட்சியம் இருந்தது; அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

2016-ல் போட்டவை 8 அங்குல பிளாஸ்டிக் குழாய்கள் மூன்று. மூன்றும் சேர்ந்து விநாடிக்கு 150 லிட்டர் வெளியேற்றின என்றால், நாளொன்றுக்கு சுமார் 13,000 கன மீட்டர். ஏரியின் பரப்போ அப்போதே 1 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நீர்மட்டம் ஒரே ஒரு மீட்டர் இறங்க 10 லட்சம் கன மீட்டருக்கு மேல் வெளியே போக வேண்டும். எண்பது நாள் வேலை, அதுவும் ஏரிக்குள் ஒரு சொட்டும் வராமல் இருந்தால். அங்கே ஆள் நின்று வேலை செய்யக்கூடிய கோடை மாதங்களில்தான் ஏரிக்கு நீர் தரும் பனியாறும் மும்முரமாக உருகிக்கொட்டும். ஏரியின் ஆழம் 100 மீட்டருக்கு மேல்.

குழாயைக் கூட்டலாமே என்பீர்கள். தொட்டித் தண்ணீரை டியூப் வைத்து உறிஞ்சிவிடும் அதே சைஃபன் முறைதான் இது. தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிவிடுவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது 10 மீட்டர் வரை ஏற்றும். 5,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதி. ஏட்டளவில் 5 மீட்டர் சொச்சம், நடைமுறையில் 4 மீட்டர் கிடைத்தால் பெரிது. அழுத்தம் குறைந்த இடத்தில் நீரில் கரைந்திருக்கும் காற்று குமிழாகப் பிரிந்து குழாயின் உச்சி வளைவில் தங்கும். குமிழ் பெருத்தால் ஓட்டம் அறுந்துவிடும். யாராவது காற்றை வெளியேற்றி, குழாயை மறுபடி நிரப்ப வேண்டும். குளிர்காலத்தில் நீர் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். காற்று மெலிந்த அந்த உயரத்தில் டீசல் மோட்டாரும் ஏறக்குறைய பாதித் திறனை இழந்துவிடும். டீசலைச் சுமந்து போவது தனிக் கதை.

கரையை வெட்டும் யோசனைதான் ஆபத்தானது. நம்மூர் ஏரிக்கரை மாதிரி மண் கொட்டி இறுக்கிய கரை இல்லை அது. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்துவிட்டுப் போன கல்லும் மணலும். பல இடங்களில் நடுவில் புதைந்த பனிக்கட்டி வேறு. வெட்டிய வாய்க்காலில் நீர் வேகமெடுத்தால் அடி அரிக்கும். அரித்தால் வாய் அகலும். அகன்றால் இன்னும் வேகம். தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் ஹன்காருரிஷ் ஏரியில் 1950-ல் இதுதான் நடந்தது. ஆபத்தைக் குறைக்க வெட்டிக்கொண்டிருந்தபோதே கரை உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பெருவின் பொறியாளர்கள் பிறகு முறையைச் செம்மைப்படுத்தினார்கள்: கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி மட்டத்தை இறக்குவது, அடியில் குழாய் பதிப்பது, வெட்டிய இடத்தைக் கல் பதித்த அணையாகத் திரும்பக் கட்டுவது. அலை மேலே ஏறி வழிந்தாலும் கரை அரிக்காது.

நேபாளத்தில் சோ ரோல்பா ஏரியை 2000-ல் 3 மீட்டர் இறக்கினார்கள். இம்ஜா ஏரியை 2016-ல் நேபாள ராணுவம் வாய்க்காலும் மதகும் கட்டி 3.4 மீட்டர் இறக்கியது. இம்ஜாவின் ஆழம் 150 மீட்டர் அளவு. ஆக, இந்த இரண்டிலும் யாரும் ஏரியைக் காலி செய்ய முயலவில்லை. நீர்மட்டத்துக்கும் கரைமேட்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டி, கரைமேல் விழும் நீரழுத்தத்தைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். தெற்கு லோனாக்கில் அந்த 3 மீட்டர் உதவியிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று இரவு உறைந்திருந்த பக்கச்சரிவு, ஒன்றரைக் கோடி கன மீட்டர் அளவு, ஏரிக்குள் சரிந்தது. எழுந்த அலை சுமார் 20 மீட்டர்.

இப்போது அலட்சியத்துக்கு வருகிறேன். இரவு பத்து மணிக்குப் பிறகு உடைந்த வெள்ளம், கீழே தீஸ்தாவில் சுங்தாங் ஊரில் இருந்த 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் 60 மீட்டர் உயர அணையை அடைய இரண்டு மணி நேரம் சொச்சம் ஆனது. மதகைத் திறக்கவும் ஆற்றங்கரை மக்களை மேட்டில் ஏற்றவும் அது போதுமான நேரம். ஆனால் ஏரிக்கரையில் கேமராவும் வானிலைக் கருவியும் வைக்கப்பட்டதே அதற்கு முந்தைய மாதம்தான். கீழே அபாயச் சங்கு வரை இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. சோ ரோல்பாவில் 1998-ல் அப்படி ஓர் எச்சரிக்கை அமைப்பு முழுமையாகவே இருந்தது. பராமரிப்பில்லாமல் சில ஆண்டுகளில் செத்தது.

ஆகவே பணம் கேட்பதானால் இவற்றுக்குக் கேளுங்கள்: ஏரியில் நீர்மட்ட உணரி, சில கிலோமீட்டர் கீழே ஆற்றில் இரண்டாவது உணரி (ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்), செயற்கைக்கோள் வழித் தொடர்பு, பனி தங்காதபடி செங்குத்தாகச் சாய்த்த சோலார் பலகை, குளிரில் திறன் இழக்கும் பேட்டரிகளை ஒவ்வொரு மே மாதமும் சோதித்து மாற்ற ஓர் ஆள். மேலதிகாரிக்குப் போன் போடாமலே மதகைத் திறக்க, இரவுப் பணியில் இருக்கும் அணை ஊழியருக்கு எழுத்துப்பூர்வ அதிகாரம். இதற்குச் செலவே இல்லை.