பாசி மண்டிய குளத்தில் விராலுக்கு ஸ்பூனா, பிளாஸ்டிக் புழுவா?

பாசி நிறைந்த குளத்தில் விராலுக்கு வீசும் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) ஒவ்வொரு வீச்சிலும் சிக்குகிறது, பிளாஸ்டிக் புழுவுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும், போடும் இடம்தான் வேறு.

ஸ்பூன் பாசியின் ஓரத்துக்கு. வளைந்த தகடு தள்ளாடி மின்னும்போது, அடிபட்ட குஞ்சுமீன் என்று விரால் பாயும். மூன்று கொக்கி முள் உள்ளதை விட்டுவிட்டு, முன்னால் கம்பிக் காப்பு உள்ள ஒற்றை முள் ஸ்பூன் வாங்குங்கள். தண்ணீரில் விழுந்ததுமே தூண்டில் ராடு நுனியைத் தூக்கி, ரீலைச் சுற்றுங்கள். வேகம் கூடினால் ஆட்டம் போய்ச் சுழல ஆரம்பிக்கும், தூண்டில் நரம்பும் முறுக்கிக்கொள்ளும்.

பாசிக்கு நடுவே உள்ள இடைவெளிக்குப் புழுதான் சரி. முதலில் நரம்பில் தோட்டா வடிவ ஈயத்தைக் கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி கோத்துவிட்டு, கழுத்து வளைந்த ஆஃப்செட் முள்ளைக் கட்டுங்கள். முள் நுனியைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் நுழைத்து, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனி உடம்புக்குள் மறையும்படி குத்துங்கள். புழு நேராக இருக்கவேண்டும். கோணலாக இருந்தால் சுழலும்.

கடி பெரும்பாலும் புழு இறங்கும்போதுதான் வரும், அதனால் நரம்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ஓங்கி இழுங்கள், முள் பிளாஸ்டிக்கைக் கிழித்து வாயில் ஏறவேண்டுமே!

அப்புறம், விரால் மூச்சு வாங்க மேலே வரும், அப்போது தண்ணீரில் வளையம் தெரியும். அந்த வளையத்தின் மேலேயே போடாமல், தாண்டிப் போட்டு அதன் வழியாக இழுத்து வாருங்கள். செந்நிறக் குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் மட்டும் அங்கே போடவே வேண்டாம். தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.