மற்ற மதத்தாரின் வேத நூலை எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது? பினாங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

லிட்டில் இந்தியாவில் புத்தகக் கடைக் கல்லாவில் பல காலம் உட்கார்ந்தவன் என்பதால் என்னைப் பிடித்துப் பதில் சொல்ல வைத்திருக்கிறார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஜெலுத்தோங் சகோதரி): நான் இந்து. தமிழில் குர்ஆன் படிக்க ஆசை. கடையில் எனக்குக் கொடுப்பார்களா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகக் கொடுப்பார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி, சொங்கோக் தொப்பியும் அத்தரும் தஸ்பீஹ் மணியும் விற்கிற கடைகளில் பாருங்கள். குர்ஆன் மேல் தட்டில்தான் இருக்கும், அதன்மேல் வேறு எதையும் அடுக்க மாட்டார்கள். "குர்ஆன் இருக்கா பாய்?" என்று மட்டும் கேட்டால், அரபு மூலம் மட்டும் உள்ளதை எடுக்கக் கை நீட்டுவார். அப்புறம் உங்கள் நெற்றிப் பொட்டைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குவார். "தமிழ் தர்ஜமா வேணும், நான் படிக்கத்தான்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள் (தர்ஜமா என்றால் மொழிபெயர்ப்பு), தயக்கம் போய்விடும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று அவரே பேச்சை எடுத்தாலும் ஆச்சரியமில்லை.

தமிழில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. அப்துல் ஹமீது பாகவியுடையது முன்னோடி. நடை கொஞ்சம் பழசு, ஆனால் நிதானமாக ஓடும். மதீனாவில் உள்ள மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகத்தின் தமிழ்ப் பதிப்பு விற்பனைக்கு அல்ல, இலவசமாகக் கொடுப்பது. அதனால் காசைச் செலவழிக்கும் முன் பள்ளிவாசலிலேயே ஒரு வார்த்தை கேளுங்கள். கப்பித்தான் கிளிங்கில் வெளியார் வந்து பார்ப்பது அன்றாடம் நடப்பதுதான், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். தலைக்கு ஒரு துணி மட்டும் கொண்டு போங்கள்.

இன்னொன்று. புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். மொத்தம் 114 அத்தியாயம். வரிசையாகப் போனால் 286 வசனம் உள்ள இரண்டாவதிலேயே பலருக்கு மூச்சு வாங்கிவிடும். 12-ஆவது யூசுஃப், ஒரே கதையாகப் போகும். 19-ஆவது மர்யம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டைத்தான் சொல்வேன்.

கேள்வி (ஆயர் ஈத்தாம் இளைஞர்): முஸ்லிம் அல்லாதவர் குர்ஆன் வைத்திருக்க அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. கட்டுப்பாடு அச்சிடுகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும்தான். 1986-ஆம் ஆண்டின் குர்ஆன் அச்சுச் சட்டம் அதற்காக வந்தது. உள்துறை அமைச்சின் அனுமதி பெற்ற பிரதியில் பளபளக்கும் ஒட்டுவில்லை இருக்கும். வாங்கும்போது அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி (பட்டர்வொர்த் ஐயா): என் மருமகள் கிறிஸ்தவப் பெண். அவளுக்காகத் தமிழ் பைபிள் வாங்கப் போனால் இரண்டு விதமாக இருக்கிறது. எதை வாங்க?

பதில்: முதலில் மருமகள் எந்தச் சபை என்று கேளுங்கள். மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்றால் 'பரிசுத்த வேதாகமம்', 66 நூல்கள். அதன் பழைய நடை அவர்கள் காதில் ஊறியது, புதிய தமிழைக் கொடுத்தால் மெச்ச மாட்டார்கள். கத்தோலிக்கர் என்றால் 'திருவிவிலியம்', 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, 73 நூல்கள். நீங்களும் சேர்ந்து படிப்பதாக இருந்தால் இதுதான் சுலபம், இன்றைய தமிழ்.

கடைகளில் ஆங்கிலமும் மலாயும் சீனமும்தான் அதிகம். தமிழ்ப் பிரதிக்குத் தமிழில் ஆராதனை நடக்கிற தேவாலயங்களில் ஞாயிறு காலை கேட்பது மேல். ஜூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி (லெபோ சூலியா சகோதரர்): நான் தமிழ் முஸ்லிம். ஒப்பிட்டுப் படிக்க பைபிள் கேட்டேன். கடைக்காரம்மா என் பெயரைக் கேட்டார், பிறகு இல்லை என்று சொல்லிவிட்டார். அலமாரியில் கண்ணெதிரே இருந்தது!

பதில்: அந்த அம்மாமேல் கோபப்படாதீர்கள், அவருக்குப் பயம். முஸ்லிம்களிடையே மற்ற மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் போடலாம் என்று மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு சொல்கிறது. விற்பது பரப்புவதாகுமா என்று அவர் கல்லாவில் நின்றுகொண்டு வாதாட முடியாது. 2014-இல் சிலாங்கூர் சமய இலாகா பைபிள் சங்கத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட மலாய், ஈபான் (சரவாக் பூர்வகுடிகளின் மொழி) பிரதிகளை அள்ளிக்கொண்டு போனதை எந்தக் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்காரரும் மறக்கவில்லை. தீபகற்பத்தில் மலாய் பைபிளின்மேல் சிலுவைக் குறியும் 'கிறிஸ்தவ வெளியீடு' என்ற அச்சும் இருக்க வேண்டும் என்பது 2011-இல் அரசாங்கம் அறிவித்த பத்து அம்சத் தீர்வில் வந்தது. உங்களுக்கு நான் சொல்வது பல்கலைக்கழக நூலகம். ஒப்பீட்டுச் சமயப் படிப்புக்கான அலமாரி அங்கே இருக்கும், உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ் சகோதரி): வேலையிடத்தில் பஞ்சாபித் தோழி இருக்கிறாள். குரு கிரந்த் சாகிப் எந்தக் கடையில் கிடைக்கும்?

பதில்: கடையில் தேடவே தேடாதீர்கள். சீக்கியருக்கு அது புத்தகம் இல்லை, உயிரோடிருக்கும் குரு. 1430 பக்கம், வைக்கத் தனி அறை வேண்டும், மேலே விதானம், இரவில் முறைப்படி மூடி எழுந்தருளச் செய்ய வேண்டும். இதையெல்லாம் செய்ய முடியாத வீட்டுக்கு அது வராது. ஜாலான் குர்துவாராவில் உள்ள வாடா குர்துவாரா என்ற சீக்கியக் கோயிலுக்குத் தோழியோடு போங்கள். தலையை மூடி, கை கழுவி உட்கார்ந்தால் பாடுவதைக் கேட்கலாம். கபீர், நாமதேவர், ஷேக் ஃபரீத் ஆகிய அருளாளர்களின் பாடல்களும் அதற்குள் இருக்கின்றன, நமக்குப் பழகிய பக்தி வாசனை அடிக்கும். வீட்டில் படிக்க தினசரிப் பிரார்த்தனைகள் அடங்கிய சின்ன 'குட்கா' நூலை ஆங்கில விளக்கத்தோடு கேளுங்கள். அதையும் கைப்பையின் அடியில் செருப்போடு போட்டுவிடாதீர்கள். லங்கரில், அதாவது அங்கே எல்லோருக்கும் போடுகிற இலவசச் சாப்பாட்டுப் பந்தியில், சாப்பிடாமல் வந்தால் தோழி வருத்தப்படுவாள்.

கேள்வி (புலாவ் திக்குஸ்): பௌத்த வேதம்?

பதில்: திரிபிடகம் முழுவதும் வேண்டும் என்றால் ஓர் அலமாரியைக் காலி பண்ணுங்கள். தம்மபதத்தில் ஆரம்பியுங்கள், 423 பாடல்தான். ஜாலான் கம்பாரில் உள்ள மகிந்தாராமா விகாரையில் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டு விகாரைகளில் இலவச விநியோகத்துக்கென்றே அச்சிட்ட ஆங்கில நூல்கள் வைத்திருப்பது வழக்கம். எடுத்தால் உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி (முதலில் எழுதிய அதே ஜெலுத்தோங் சகோதரி): வாங்கிவிட்டேன்! மாமியார் பார்த்துவிட்டு, வேதம்தானே என்று சாமி அறையில் வைத்து அட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கப் போனார். வைக்கலாமா?

பதில்: மாமியாரின் மனசு பெரிய மனசு. ஆனால் பொட்டு வேண்டாம், படங்களுக்கு நடுவிலும் வேண்டாம். முஸ்லிம் நண்பர் யாராவது வீட்டுக்கு வந்து பார்த்தால் மனம் நோகும். சுத்தமான உயரமான தட்டில் தனியாக வையுங்கள், மேலே பத்திரிகை, சாவிக்கொத்து எதுவும் வைக்காதீர்கள். என்றாவது கிழிந்துபோனால் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். பள்ளிவாசலில் கொடுத்தால் முறைப்படி எரிக்க ஏற்பாடு செய்வார்கள்.