எனக்கு அவன் வைத்த பெயர்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டரை வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் காக்ளியர் ஆபரேஷன் நடந்தது. காதுக்குள் ஒரு பகுதியைப் பொருத்தி, வெளியே கருவி மாட்டிக் கேட்கவைப்பது அது. அன்றிலிருந்து அவனைப் பேச வைப்பது ஒன்றுதான் என் வேலை. வாரம் மூன்று நாள் காரைக்குடிக்குப் பஸ்ஸில் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானே சொல்லித்தருகிறேன்.

அத்தை மகனைத்தான் கட்டினேன். "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்று விசேஷ வீடுகளில் என் காதுபடவே பேசுகிறார்கள். கணவர் சிங்கப்பூரில். போனில் "இன்னைக்கு என்ன பேசினான்?" என்பதைத் தவிர வேறு கேள்வி கிடையாது. நான் சாப்பிட்டேனா என்று கேட்க நாதியில்லை. அத்தையோ என் உழைப்பையெல்லாம் கெடுக்கிறார். சைகை காட்டினால் பேச்சு வராது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். இருவரும் நாள் முழுக்கக் கையாலேயே பேசிக்கொள்கிறார்கள். அப்பத்தா என்றால் காதுத்தோட்டைத் தொடுவான், அப்பச்சி, அதாவது அவன் அப்பா என்றால் மீசையை முறுக்குவான், நான் என்றால் வாயைப் பொத்திக் காட்டுவான். அது கிடக்கட்டும். பிள்ளையார் நோன்பில் மாவில் திரியேற்றி இழை எடுக்கும் சடங்கின்போது பங்காளிகள் எல்லோரும் பார்க்க, இரண்டு பேரும் கையாட்டிச் சிரிக்கிறார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. ராத்திரியும் அவரிடம்தான் படுக்கிறான். அத்தையை எப்படித் திருத்துவது?

அன்பு மகளுக்கு,

சொந்தத்தில் கட்டினால் இந்த வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை பெறுங்கள். அதற்காக ஒரு தாயின் முகத்துக்கு நேராகக் குத்திக்காட்ட எவருக்கும் உரிமை கிடையாது. சரி, அது போகட்டும்.

"அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில் நான் நின்றுவிட்டேன். உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்டுப் பழகட்டும் என்று பயிற்சியில் வாயை மறைத்துக்கொண்டு பேசச் சொல்வார்கள். அந்தப் பயிற்சி உங்கள் வீட்டில் காலையிலிருந்து இரவுவரை நீண்டுவிட்டது. மகன் உங்களைக் குறை சொல்லவில்லை. அதிகம் பார்ப்பதைத்தான் பெயராக வைத்திருக்கிறான். வலிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். உங்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது, இல்லாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

அத்தை விஷயத்தில் நான் அவர் பக்கம். சைகை பேச்சைத் தடுத்துவிடும் என்பது பழைய பயம். இந்திய சைகை மொழிக்கென்றே மத்திய அரசு 2015-ல் டெல்லியில் ஒரு மையம் தொடங்கி, 10,000 சொற்களுக்கு அகராதியும் போட்டிருக்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியைக் கழற்றிவிடுகிறீர்கள். அந்த நேரத்தில் அவனுக்கு எதுவுமே கேட்காது. கெட்ட கனவு கண்டு எழுந்தால் யாரிடம் சொல்வான்? கைப்பேச்சு புரிகிறவரிடம்தான். அவர் உங்கள் பிள்ளையைப் பறிக்கவில்லை. நீங்கள் டீச்சராகவே இருந்த இந்த இரண்டரை வருஷமும் அவனுக்குத் துணையாக இருந்திருக்கிறார்.

பயிற்சியை விடாதீர்கள், அது கட்டாயம் வேண்டும். நேரம் வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் வாயிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். கணவர் கூப்பிட்டால் வீடியோவில் வரச் சொல்லி, மகன் மீசை முறுக்குவதைப் பார்க்க விடுங்கள்.

இன்றிரவு கருவியைக் கழற்றியதும் அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு, மாங்காய்க்கு, பயத்துக்கு அவன் என்ன காட்டுவான் என்று கேட்டுப் பழகுங்கள். விளக்கை மட்டும் சீக்கிரம் அணைத்துவிடாதீர்கள். இருட்டில் அவனால் உங்களிடம் எதையும் சொல்ல முடியாது.