பைக்கில் ஊட்டி போகும்போது இரண்டு சாக்ஸ் போட்டும் கால் விறைப்பது ஏன்?

டிசம்பரில் கோவையிலிருந்து பைக்கில் கிளம்பி, குன்னூர் தாண்டியதும் கால்விரல் மரத்துப்போகிறது, இரண்டு பருத்தி சாக்ஸ் போட்டும் பயனில்லை, இன்னும் தடிமனான ஷூ வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாங்க. மேட்டுப்பாளையம் வரைக்கும் ஷூவுக்குள் ஊறின வியர்வைதான் மலை மேல் உங்களைப் படுத்துகிறது.

காலுக்குச் சூடு தருவது சாக்ஸ் நூலிழைகளுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. அந்த இடத்தில் வியர்வை புகுந்தால் போச்சு. காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அது ஆவியாகும்போதும் காலின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம், 11, 12 டிகிரி குறையும். போதாததற்கு எதிர்க்காற்று வேறு.

பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் காயாது. அதன்மேல் இரண்டாவது சாக்ஸைத் திணித்தால் இருக்கிற காற்றும் நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும். ஷூவுக்குள் ஐந்து விரலையும் மேலும் கீழும் தாராளமாக அசைக்க முடிய வேண்டும்.

கீழே இருந்து மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ் ஒன்று மட்டும் போட்டுக் கிளம்புங்க. கம்பளி சாக்ஸை பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பையில் வையுங்க. குன்னூரில் டீக்கு நிறுத்தும்போது ஷூவைக் கழற்றி, விரலிடுக்கு வரை துடைத்து, கால் நன்றாக உலர்ந்த பிறகு கம்பளியை மாட்டுங்க. கம்பளி ஓரளவு ஈரத்தை உள்ளிழுத்த பிறகும் கதகதப்பு தரும். எல்லோரும் மறப்பது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்ளட்டையை. அதை வெளியே எடுத்துத் துணியால் அழுத்திப் பாருங்க, எவ்வளவு ஈரம் என்று தெரியும். அதைத் துடைக்காமல் புது சாக்ஸ் போட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவும் நனைந்துவிடும். பவுடர் கொட்டுவதில் பெரிய பலன் இல்லை. ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும்.

இரவில் உள்ளட்டையைத் தனியே வைத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்க. ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை மாற்ற வேண்டும். ஹீட்டர், அடுப்பு, சூடான சைலன்சர் பக்கத்தில் மட்டும் வைக்காதீங்க. பசை விட்டு அடிப்பாகம் பிரியும், தோல் வெடிக்கும்.

ஊட்டி மூட்டத்தில் நனைந்த கம்பளி சாக்ஸ் ஒரே ராத்திரியில் காய்வது கஷ்டம். தங்குவதாக இருந்தால் இரண்டு ஜோடி எடுத்துக்குங்க.