குடும்ப ஜெபத்துக்கு வராத மகன்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டையில் வசிக்கும் நாங்கள் பரம்பரையாகச் சபைக்குப் போய்வரும் குடும்பம். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் தவறியதே இல்லை. ஆனால் 14 வயதாகும் என் மகன் சில மாதங்களாக அந்த நேரத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டி என்றால் முதல் பரிசோடு வந்த பிள்ளை, இப்போது ஞாயிறு காலை எழுப்பினால் தலைவலி என்கிறான். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தும் பயனில்லை. என் கணவர் 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று ஒதுங்கிக்கொள்ள, மாமியாரோ என் வளர்ப்பு சரியில்லை என்று சபையில் நாலு பேர் காதுபடச் சொல்கிறார். அடுத்த ஆண்டு திடப்படுத்தல் வகுப்புக்கு இவனை எப்படி அனுப்புவேன்? என் அம்மா புற்றுநோயால் காலமான வாரத்தில், 'தினமும் ஜெபித்தோமே, அப்புறம் ஏன் பாட்டி செத்தாங்க?' என்று கேட்டான். ஜெப நேரத்தில் அப்படிக் கேட்கக் கூடாது என்று அதட்டினேன், எனக்கும் அன்று பதில் இல்லை, அது போகட்டும். எட்டு மணியானால் கதவைச் சாத்திக்கொள்கிறானே, நான் என்ன செய்ய?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

கைப்பேசி, கணவர், மாமியார் எல்லாம் இருக்கட்டும். 'அது போகட்டும்' என்று நீங்கள் தாண்டிச் சென்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

உங்கள் மகன் அன்று பாட்டிக்காக அழுதிருக்கிறான். அந்த அழுகை கேள்வியாக வந்ததும் நீங்கள் பயந்துவிட்டீர்கள், ஏனென்றால் அதே கேள்வி உங்கள் தொண்டையிலும் நின்றது. ஜெபத்தில் அதைக் கேட்கக் கூடாது என்றீர்கள். கேள்வியை விட மனமில்லாத அவன் ஜெபத்தை விட்டுவிட்டான். வருத்தப்படாதீர்கள், இதில் நான் அவன் பக்கம்தான். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்கலாம் என்றால், பாட்டியைப் பறிகொடுத்த பேரன் கேட்கக் கூடாதா? வேதாகமத்தில் எபேசியர் 6:4இல் வரும் சிட்சையையும், அதாவது கண்டித்துத் திருத்துவதையும், போதனையையும் நம் வீடுகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வோம். பிள்ளைகளைக் 'கோபப்படுத்தாமல்' என்ற சொல் அதே வசனத்தில் அவற்றுக்கு முன்பே வந்துவிடுகிறது.

அம்மாவை இழந்த நீங்கள் அழுதீர்களா என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. எட்டு மணியை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதே அழாமல் இருப்பதற்காகவோ என்று தோன்றுகிறது. திடப்படுத்தல் என்பது, குழந்தையில் ஞானஸ்நானத்தின்போது அவனுக்காக மற்றவர்கள் கொடுத்த வாக்கை அவனே தன் வாயால் ஏற்பது. அது ஓராண்டு தள்ளிப்போனால் குறைவில்லை. இப்போதைக்கு அவனை ஜெபத்துக்கு அழைக்க வேண்டாம். ஒரு மாலை அவன் கதவைத் தட்டி, 'அன்று நீ கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை, அதனால்தான் அதட்டினேன்' என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு வசனம் எதுவும் வேண்டாம்.