ஒரே கச்சேரி பல ஆல்பங்களாகச் சிதறுவது ஏன்?

கேள்வி: அப்பா சேர்த்த கேசட்டுகள், சிடிகள், நண்பர்கள் கொடுத்த பதிவுகள் என்று சுமார் 18,000 கர்நாடக இசைக் கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. புதிய இசை நூலக மென்பொருளில் ஏற்றியதும் ஒரே கச்சேரி பல ஆல்பங்களாகச் சிதறிக் கிடக்கிறது. தியாகராஜர் கிருதிகளை மட்டும் எடுக்க நினைத்தால் பாதிகூட வருவதில்லை. ராகத்தை வைத்துத் தேடவே வழியில்லை. மொத்தத்தையும் சரிசெய்து தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா, அல்லது வேறு மென்பொருள் வாங்கினால் தீர்ந்துவிடுமா?

பதில்: வேறு மென்பொருள் வாங்க வேண்டாம். எதை வாங்கினாலும் இதே சிதறல்தான் இருக்கும், ஏனென்றால் கோளாறு கோப்புகளுக்குள் இருக்கிறது. பணம் கேட்பவர் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் படிக்காமல் அவருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் ஒலியோடு சேர்ந்து சில விவரங்களும் எழுதப்பட்டிருக்கும். டேக் என்று சொல்வது அதைத்தான். பாட்டின் பெயர், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போசர் என்று தனித்தனிக் கட்டங்கள். மென்பொருள் பாட்டைக் கேட்டுப் புரிந்துகொள்வதில்லை, இந்தக் கட்டங்களைப் படித்து அடுக்குகிறது, அவ்வளவுதான்.

கச்சேரி சிதறியதற்குக் காரணம் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டம் காலியாக இருப்பது. ஆல்பம் பெயரும் ஆல்பம் ஆர்ட்டிஸ்டும் ஒன்றாக இருந்தால்தான் பெரும்பாலான மென்பொருள்கள் ஒரே தொகுப்பாகச் சேர்க்கும். அது காலியாக இருந்தால் ஒவ்வொரு பாட்டின் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தையும் பார்க்கும். உங்கள் பதிவுகளில் வர்ணத்துக்குப் பாடகர் பெயர் மட்டும் இருக்கும். அடுத்த உருப்படியில் பாடகரோடு வயலின் வித்வான் பெயரும் சேர்ந்திருக்கும். தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்க வித்வான் பெயர் மட்டும் இருக்கும். மூன்று விதமான ஆர்ட்டிஸ்ட், அதனால் மூன்று ஆல்பம்.

எம்பி3டேக் போன்ற டேக் திருத்தும் செயலியில் அந்தக் கச்சேரியின் கோப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்வுசெய்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் பிரதான கலைஞரின் பெயரை ஒரே ஒருமுறை அடித்துச் சேமியுங்கள். கச்சேரி ஒன்றுசேர்ந்துவிடும். பக்கவாத்தியக்காரர்களை ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் திணிக்காமல் பெர்ஃபார்மர் என்ற தனிக் கட்டத்தில் எழுதுங்கள். பெயர்களுக்கு இடையே சாய்கோடு மட்டும் போடாதீர்கள். எம்பி3 கோப்புகளில் பரவலாக இருக்கும் ஐடி3 2.3 என்ற டேக் வடிவம் சாய்கோட்டை 'இங்கே ஒரு பெயர் முடிந்தது' என்று எடுத்துக்கொள்ளும்.

கச்சேரிக்கு ஆல்பம் பெயர் வைக்கும்போது ஆண்டு-மாதம்-நாள் முதலில், அப்புறம் இடம், அப்புறம் கலைஞர். இப்படி வைத்தால் காலவரிசையில் தானாக நிற்கும். தேதி தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். கைமாறிக் கைமாறி வரும் பதிவுகளில் யாரோ ஊகத்தில் போட்ட தேதி பத்து பேர் கைபட்டதும் வரலாறாகிவிடுகிறது. சிடி வெளியான ஆண்டு வேறு, கச்சேரி நடந்த ஆண்டு வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, தியாகராஜர் ஏன் கிடைக்கவில்லை? சிடியைக் கணினியில் போட்டவுடன் பாட்டுப் பெயர்கள் தானாக வந்து நின்றிருக்கும், பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அவை சிடியில் இருந்து வந்தவை அல்ல. பாட்டுகளின் நீளத்தை வைத்து இது இன்ன சிடி என்று அடையாளம் கண்டு, இணையத்தில் முன்பு யாரோ ஒருவர் அடித்து வைத்ததை அப்படியே மென்பொருள் இறக்கித் தந்தது. அதில் கம்போசர் கட்டம் பெரும்பாலும் காலி, இல்லாவிட்டால் பாடியவர் பெயர், அதுவும் இல்லாவிட்டால் 'டிரெடிஷனல்'. எந்தப் பாட்டு யாருடையது என்று ரசிகர்கள் வாயிலேயே இருக்கும்போது, வெளியிட்ட நிறுவனங்கள் அதைச் சரியாகப் பதிந்து கொடுக்காதது பெரிய அலட்சியம். இன்றைக்கும் இணையத்தில் விற்கும் தொகுப்புகளில் பாடகரே கம்போசராக நிற்பதைப் பார்க்கலாம்.

இருக்கும் பெயரும் ஒரே மாதிரி இருக்காது. தியாகராஜர், த்யாகராஜா, ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள், சத்குரு தியாகராஜர் என்று நான்கு விதமாக எழுதியிருந்தால் மென்பொருளுக்கு அவர்கள் நான்கு பேர். ஆகவே டேக்கைத் தொடுவதற்கு முன் ஒரு பட்டியல் தயார்செய்யுங்கள். வாக்கேயக்காரர்கள் (பாட்டை இயற்றியவர்கள்), ராகங்கள், தாளங்கள், கலைஞர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரே எழுத்துமுறை. அப்புறம் எந்தப் பெயரையும் கையால் அடிக்காதீர்கள், பட்டியலில் இருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். நூலகங்களில் நூலாசிரியர் பெயர்களுக்குப் பல காலமாகச் செய்வது இதுதான்.

யாருடைய பாட்டு என்று சந்தேகம் வந்தால் முத்திரையை, அதாவது இயற்றியவர் பாட்டுக்குள் வைக்கும் அடையாளச் சொல்லைக் கேளுங்கள். தியாகராஜர் தன் பெயரையே வைப்பார், முத்துசுவாமி தீட்சிதர் குருகுஹ என்பார், சியாமா சாஸ்திரி சியாமகிருஷ்ண என்பார். ஆனால் ராமதாச என்ற முத்திரையைக் கேட்டதும் பத்ராசல ராமதாசர் என்று போட்டுவிடாதீர்கள். பாபநாசம் சிவன் வைத்துக்கொண்ட முத்திரையும் அதுதான். பாட்டு தமிழிலா தெலுங்கிலா என்று கவனித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பாட்டின் தொடக்கச் சொல்லை மட்டும் நம்புவதும் கூடாது. நின்னுவினா என்று தொடங்குவது நவரசகன்னடாவில் தியாகராஜருக்கும் உண்டு, ரீதிகௌளையில் சியாமா சாஸ்திரிக்கும் உண்டு.

இனி ராகம். இதற்கென்று கட்டமே கிடையாது. இந்த டேக் வடிவங்களைத் திரைப்பாட்டு, பாப் பாட்டு மாதிரியான இசையை மனதில் வைத்து உருவாக்கியிருக்கிறார்கள். முதல் ஐடி3 வடிவத்தில் பாட்டின் பெயருக்கு 30 எழுத்துதான் இடம், உங்கள் பழைய கோப்புகளில் பெயர் பாதியில் அறுந்து நிற்பது அதனால்தான். இசை வகைக்கு 80 எண்கள் வைத்தார்கள். போல்கா என்ற நடன இசைக்கு 75 என்று தனி எண் உண்டு. நம் சங்கீதம் மொத்தமும் 32ஆம் எண்ணான 'கிளாசிக்கல்'லில் போய் விழ வேண்டும். ராகமும் தாளமும் சேர்ந்த ஒழுங்கான விவரத் தொகுப்பை மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவதற்குப் பார்சிலோனாவில் உள்ள பொம்பேவு ஃபப்ரா பல்கலைக்கழகத்தின் காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் வர வேண்டியிருந்தது. இந்த வேலையை இசையை விற்றவர்கள் செய்திருக்க வேண்டும்.

நல்லவேளையாக, நாமே கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். ஃபிளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கோப்பில் ஆங்கில எழுத்தில் எந்தப் பெயரிலும் புதிய கட்டம் வைக்க முடியும். எம்பி3யிலும் பயனர் தானே பெயரிடும் கட்டம் உண்டு. எம்பி3டேக்கில் ஆல்ட் விசையோடு டி-யை அழுத்தினால் விரிவான பட்டியல் திறக்கும். அங்கே ராகம் என்று ஒன்று, தாளம் என்று ஒன்று சேருங்கள். ஃபூபார்2000, மியூசிக்பீ என்ற இசை மென்பொருள்கள் இரண்டிலும் இப்படிச் சேர்த்த கட்டங்களைக் காட்டவும் வகைப்படுத்தவும் சொல்ல முடியும். ஆப்பிளின் மியூசிக் செயலி காட்டாது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் ராகத்தை 'குரூப்பிங்' கட்டத்திலும் ஒரு நகல் வைக்க வேண்டியிருக்கும். ராகத்தை 'ஜானர்' (இசை வகை) கட்டத்தில் எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தானியங்கித் திருத்தம் முதலில் அழித்து எழுதுவது அந்தக் கட்டத்தைத்தான் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

18,000 கோப்புக்கும் கையால் எழுத வேண்டுமா என்று பயப்படாதீர்கள். உங்கள் கோப்புப் பெயர்களைப் பாருங்கள். 'பாட்டு - ராகம் - தாளம்' என்று கோடு போட்டுப் பிரித்திருந்தால், அந்த வரிசையைச் சொன்னால் போதும், செயலியே பிரித்து உரிய கட்டங்களில் போட்டுவிடும். கேசட் உறையைப் பார்த்துப் பொறுமையாகப் பெயர் வைத்த ஒருவர் வீட்டில் இருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ராகப் பெயர்களில் பந்துவராளி, காமவர்த்தனி என்று ஒரே ராகம் இரண்டாக நிற்கும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தோடியும் ஹனுமத்தோடியும் அப்படியே. இந்துஸ்தானி பதிவுகளும் கலந்திருந்தால் அங்கே தோடி என்பது வேறு, நம் சுபபந்துவராளிக்கு நெருக்கமானது. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

பல ராகங்களைக் கோத்துப் பாடும் ராகமாலிகைக்கு என்ன எழுதுவது என்று பலர் குழம்புகிறார்கள், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பாவயாமி ரகுராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாதித் திருநாளின் இந்தக் கிருதி முதலில் சாவேரியில் இருந்தது. அதைச் செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் ராகமாலிகையாக அமைத்தார். சாவேரியில் தொடங்கி நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி வழியாக மத்யமாவதியில் முடியும். இந்த ஏழையும் ராகக் கட்டத்தில் எழுதினால் என்ன ஆகும்? முகாரி கேட்க வேண்டும் என்று தேடும்போது, சில நிமிட முகாரிக்காக இந்தப் பாட்டின் எல்லாப் பதிவுகளும் வந்து நிற்கும், நீங்கள் தேடிய விரிவான முகாரி அவற்றுக்கு நடுவில் மறைந்துவிடும். ஆகவே ராகக் கட்டத்தில் 'ராகமாலிகை' என்று மட்டும். ஏழு பெயர்களும் குறிப்புக் கட்டத்தில், பாடும் வரிசையில். பல ராகங்களில் பாடும் விருத்தத்துக்கும் இதே முறை. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பாட்டின் பெயரை வைத்து எல்லாப் பதிவுக்கும் ஒரே ராகத்தை மொத்தமாக நிரப்பிவிடக் கூடாது. ராகம் என்ற விவரம் அந்தப் பதிவில் பாடியதைக் குறிக்க வேண்டும்.

தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் எழுதுவதா? தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'எந்தரோ' என்பதற்கு ஒருவர் டி போடுவார், ஒருவர் டி-எச் போடுவார், ஒருவர் முன்னால் ஒய் சேர்ப்பார். ஆனால் தமிழிலும் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று இருக்கிறது. அந்தக் கிருதியின் ராகமான ஸ்ரீயை ஸகரத்தோடு ரீ சேர்த்தும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேர்ந்த ஶகரத்தோடு ரீ சேர்த்தும் அடிக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒரே வடிவம். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. கௌளை என்ற ராகப் பெயரும் இப்படித்தான். ஔகாரக் குறியை அடிக்காமல், எகரக் கொம்பும் க-வும் தனி ள-வும் சேர்த்து அடித்தவர்கள் ஏராளம். பார்த்தால் பிழையே தெரியாது. பட்டியலில் இருந்து ஒட்டச் சொன்னது இதற்காகவும்தான். ஏற்கெனவே கலந்திருந்தால் 'தேடி மாற்று' வசதியால் ஒரே தடவையில் சரிசெய்துவிடலாம். பழைய கோப்புகளில் தமிழ்ப் பெயர் புரியாத குறிகளாகத் தெரிந்தால், அவை யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, டாப் போன்ற முறைகளில் எழுதியவை. அழித்துவிடாதீர்கள், எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் மீட்டுவிடலாம்.

இப்போது பணம் கேட்பவர். இந்தத் தொழிலில் நான் பார்த்துப் பார்த்துச் சலித்த வழி ஒன்று உண்டு. உங்கள் வட்டை வாங்கிப் போவார்கள். ஒலியின் சாயலை வைத்து அடையாளம் காணும் தானியங்கிச் செயலியை இரவில் ஓடவிடுவார்கள். காலையில் வேலை முடிந்தது. அந்த முறை கடையில் விற்ற பதிவுகளுக்கு ஓரளவு வேலை செய்யும். சபாவில் யாரோ பதிவுசெய்த கச்சேரி எந்தத் தரவுத்தளத்திலும் இருக்காது. அப்படிப்பட்டவற்றை விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, ஆல்பம் பெயரை வைத்து ஏதாவது ஒரு சிடியோடு பொருத்தி, அப்பா எழுதி வைத்ததை அழித்துவிடுவார்கள். அழிந்தது திரும்ப வராது. வட்டின் நகல் ஒன்றை யார் கையும் படாமல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இன்னொரு வகையினர் விவரங்களைக் கோப்புக்குள் எழுதாமல் தங்கள் மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் எழுதித் தருவார்கள். அவர்கள் காட்டும் திரையில் எல்லாம் அழகாக இருக்கும். அந்த மென்பொருளை விட்டு வெளியே வந்தால் ஒன்றுமே இருக்காது, ஆயுள் முழுக்க அவர்களுக்கே சந்தா கட்ட வேண்டும். எம்பி3யை ஃபிளாக்காக மாற்றித் தரம் உயர்த்தித் தருகிறேன் என்று சொன்னால் உடனே வாசலைக் காட்டுங்கள். கோப்பின் அளவு கூடும், போன ஒலி வராது.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கச்சேரியைக் கொடுத்துச் செய்து வாங்குங்கள். அதை அவர் பயன்படுத்தாத வேறொரு செயலியில், வேறொரு கணினியில் திறங்கள். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போசர், ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாம் அங்கேயும் தெரிந்தால் மேலே பேசலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

உண்மையில் உங்களுக்குத் தேவை கணினி தெரிந்தவர் அல்ல, காது தெரிந்தவர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போசர் வேலையை மேலே சொன்ன முறையில் நீங்களே செய்துவிடலாம். பெயரே இல்லாத பதிவுகளை மட்டும் தனி ஃபோல்டரில் சேர்த்து, நன்றாகப் பாட்டுக் கற்ற ஒருவரிடம் உங்கள் பெயர்ப் பட்டியலோடு கொடுங்கள். மொத்தமாகப் பேசாமல் கச்சேரிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ராகம் நிச்சயமில்லாத இடத்தில் ஊகித்து எழுதாமல் காலியாக விட வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.